பானை பயிருக்கு முந்தினதா? ஆதிப் பானைகளும் எங்கட வன்னிக் களிமண்ணும்

இரணைமடுக்காரன் எழுதியது:

பள்ளிக்கூடத்தில எல்லாரும் படிச்ச வரிசை இதுதான்: பயிர்ச்செய்கை வந்தது, சனம் ஒரு இடத்தில நிலைச்சது, தானியம் மிஞ்சினது, அதை வைக்கப் பானை வந்தது. மேற்காசியாவுக்குக் கூட இது அரைவாசிதான் சரி. அங்க கோதுமையும் வாற்கோதுமையும் விதைச்சு, ஆடு வளர்த்து, வீடு கட்டியிருந்த சனம் ஆயிரக்கணக்கான வருசம் பானை இல்லாமலே சீவிச்சது. பானை பரவலாக வாறது கி.மு. 7000 அளவிலதான். துருக்கியின்ர கொபெக்லி தெபேயில அவ்வளவு பெரிய கற்றூண்களை நட்டவையிட்ட ஒரு சுட்ட சட்டி இருக்கேல்லை.

கிழக்காசியாவில கதை தலைகீழ். சீனாவில ஜியாங்சி மாகாணத்துச் சியன்ரென்டொங் குகையில கிடைச்ச ஓடுகள் (உடைஞ்ச பானைத் துண்டுகள்) இண்டைக்கு 20,000 தொடக்கம் 19,000 வருசத்துக்கு முந்தினவை. ஹுனானில யுசான்யான் குகையின்ர ஓடுகள் ஏறத்தாழ 18,000 வருசம். யப்பானில ஒடாய் யமமோட்டோ, ரசியாவின்ர தூரகிழக்கில ஆமூர் ஆத்தங்கரை, இரண்டும் 16,000 வருசத்தை ஒட்டினவை. அது பனியுகம் இன்னும் முடியாத காலம். நெல் விதைப்பு இல்லை, தினை விதைப்பு இல்லை. வேட்டையாடி, மீன் பிடிச்சு, கிழங்கு கிண்டித் திண்ட சனம் பானை வனைஞ்சிருக்குது.

இதுக்கும் முந்தின ஒரு சங்கதி இருக்கு. செக் நாட்டு டொல்னி வெஸ்டொனிட்சேயில 1925இல கிடைச்ச சுட்டமண் பெண்ணுருவம் 11 சென்ரிமீற்றர் உயரம், 25,000 வருசத்துக்கும் மேல பழசு. அதோட ஆயிரக்கணக்கில சுட்டமண் துண்டுகளும், அதுக்குள்ள மிருக உருவங்களும் அங்க கிடைச்சிருக்கு. அப்ப மண்ணை நெருப்பில போட்டால் இறுகும் எண்ட அறிவு பானைக்குப் பல ஆயிரம் வருசம் முந்தியே சனத்திட்ட இருந்திருக்கு. அறிவு இருந்தும் பானை ஏன் வரேல்லை? பிறகு வந்த இடங்களில ஏன் வந்தது? வந்த பானை சனத்துக்கு நடுவில என்ன வேலை செய்தது? தெரிஞ்சவை வந்து எழுதுங்கோ. எங்கட பக்கத்தையும் சேர்த்துக் கதைப்பம்.

மண்வெட்டி எழுதியது:

ஏன் வரேல்லை எண்டதுக்குப் பதில் செய்முறையிலயே கிடக்குது, அண்ணை. வனைஞ்ச பானை நிழலில குறைஞ்சது ஐந்தாறு நாள் காய வேணும். மப்பும் ஈரக்காத்தும் எண்டால் இரண்டு கிழமை. அவ்வளவு நாளும் களி, தண்ணி, விறகு மூண்டுக்கும் கிட்ட இருக்க ஏலுமான சனத்துக்குத்தான் பானை சரிவரும். நாலு நாளுக்கு ஒருக்கா வாடி மாத்திற சனம் அதில இறங்காது. இறங்கினாலும் உடையிற பாரத்தைக் காவிக்கொண்டு திரியாது.

சக்கரம் இல்லாத வேலையை முழுசாச் சொல்லுறன். ஆதிப் பானை எல்லாம் கைவனைவுதான். சக்கரம் வாறது ஆயிரமாயிரம் வருசம் பிந்தி.

களி எடுக்கேக்க மேல்மண் ஒரு அடியை விலத்தி, வேர் இல்லாத படையில எடுக்க வேணும். ஈரக் கட்டியை அப்பிடியே தண்ணியில போடாதேங்கோ, நாள்கணக்காக் கரையாமல் கிடக்கும். நல்லாக் காய வைச்சுச் சின்னனா உடைச்சுப் போட்டால் கொஞ்ச நேரத்தில தானாப் பொரிஞ்சு விழும். நுளம்பு வலையால வடிச்சு, அடையவிட்டு, மேல்தண்ணியை ஊத்திப்போட்டுத் துணியில கட்டித் தூக்கினால் பிசையிற பதத்துக்கு வரும். விரல் மொத்தத்தில திரிச்ச ஒரு திரியை விரலில சுத்திப் பாருங்கோ. வெடிச்சால் களித்தன்மை காணாது. பிறகு ஒரு தட்டைத் துண்டில 10 சென்ரிமீற்றர் கோடு கீறிக் காயவிட்டு அளக்க வேணும். கோடு 9.3 ஆனால் சுருக்கம் 7 வீதம், நல்ல களி. 9க்குக் கீழ போனால் அந்தக் களி தனியப் பானைக்கு உதவாது.

அங்கதான் கலப்பு வருகுது. களியின்ர கன அளவில 20 தொடக்கம் 30 வீதம் மணலோ, இடிச்ச படிகக்கல்லோ, இடிச்ச பழைய ஓடோ, வைக்கல் உமி போன்ற நாரோ சேர்க்க வேணும். கலப்பு மூண்டு வேலை செய்யும்: சுருக்கத்தைக் குறைக்கும், உள்ளுக்கிருக்கிற ஈரம் வெளிய வர வழி விடும், நெருப்பில வாற கீறலை ஓட விடாமல் மறிக்கும். மணல் எண்டால் அரை தொடக்கம் 2 மில்லிமீற்றர் பருமன் காணும். உருண்டை மணலை விட உடைச்ச கூர்க்கல் நல்லாப் பிடிக்கும். சியன்ரென்டொங் ஓடுகளுக்குள்ள இடிச்ச படிகக்கல் இருக்குது, ஆமூர்க்கரை ஓடுகளில புல்லும் நாரும் எரிஞ்ச ஓட்டை கிடக்குது. இரண்டு சனமும் இந்தச் சிக்கலுக்கு விடை கண்டிருக்குதுகள்.

வனையேக்க அடியை ஒரு குழிக்குள்ளயோ பழைய சட்டியின்ர முதுகிலயோ அமத்தி எடுக்கலாம். அதுக்கு மேல பெருவிரல் மொத்தத் திரியை ஒவ்வொண்டா வைச்சு, உள்பக்கம் கீழ்நோக்கியும் வெளிப்பக்கம் மேல்நோக்கியும் இழுத்துப் பூச வேணும். நாலைஞ்சு திரியோட நிப்பாட்டிக் கொஞ்சம் இறுக விடாட்டி, மேல் பாரத்தில வயிறு சரிஞ்சுபோகும். பிறகு உள்ளுக்கு ஒரு கூழாங்கல்லைப் பிடிச்சுக்கொண்டு வெளியால பலகையால தட்டுறது. பலகையில கயிறு சுத்தினால் களி ஒட்டாது, திரிப் பொருத்தும் நல்லா இறுகும். யப்பானின்ர ஆதிகாலத்து யோமோன் சனத்தின்ர பானைகளிலயும் சீனத்துப் பழைய ஓடுகளிலயும் இருக்கிற கயிற்றடையாளத்துக்கு அழகு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனா முதல் காரணம் இந்த வேலைதான் எண்டு நினைக்கிறன். அடி உருண்டையா இருக்க வேணும். மூலை வைச்ச அடி நெருப்பில மூலையாலதான் கீறும்.

சுடுறதிலதான் கூடுதலாப் போகும். காய்ஞ்ச மாதிரித் தெரியிற பானைக்குள்ளயும் ஈரம் நிக்கும். 100 பாகை செல்சியசைத் தாண்டேக்க அது ஆவியாகி, வெளியேற நேரம் கிடைக்காட்டிச் சுவரைப் பிச்சுக்கொண்டு வரும். நெருப்பு வைச்சு முதல் கால் மணித்தியாலத்துக்குள்ள கேக்கிற படார் சத்தம் அதுதான். அதால முதல்ல பானையைக் கல்லில கவிழ்த்து வைச்சு, சுத்திவரச் சின்ன நெருப்பு மூட்டி, ஒண்டிரண்டு மணித்தியாலம் காய்ச்ச வேணும். பிறகுதான் பொச்சு, மட்டை, சிராம்பு, வறட்டி எல்லாம் அடுக்கி மூடுறது. விறகு நேரடியாப் பானையில முட்டாமல் நடுவில உடைஞ்ச ஓடு வைச்சால் கரும்புள்ளி குறையும். திறந்த சூளையில 600 தொடக்கம் 800 பாகை வரும், சில நேரம் கொஞ்சம் கூட. 450 தொடக்கம் 600க்குள்ள களிக்குள்ள பிணைஞ்சிருக்கிற தண்ணி போய், அது திரும்பக் கரையாத பொருளா மாறும். அது நடந்ததோ இல்லையோ எண்டு பார்க்க ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணியில போடுங்கோ. விடிய சேறாக் கிடந்தால் நெருப்புக் காணேல்லை.

காத்துத்தான் பெரிய எதிரி. எங்கட பக்கம் சோளகம் இழுக்கிற ஆனி, ஆடியில திறந்த வெளியில சுட்டால் காத்துப் பக்கம் ஒரு சூடு, மறுபக்கம் ஒரு சூடு. 573 பாகையில படிகக்கல் மணி திடீரெண்டு பருக்கும், ஆறேக்க அதே இடத்தில சுருங்கும். ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி அது நடந்தால் வாயில தொடங்கி வயிறு வரைக்கும் கீறல் ஓடும். வேலியோ மறைப்போ வேணும். சாம்பலோட ஆறவிட்டுக் கை பொறுக்கிற சூட்டிலதான் திறக்க வேணும்.

பாலியாறு எழுதியது:

மண்வெட்டித் தம்பி செய்முறையைச் சொல்லிவிட்டார். பானைக்குள்ளே என்ன சமைந்தது என்பதை நான் சொல்கிறேன். இந்த ஆய்வுத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம் அங்கேதான்.

மெருகிடாத பானையின் சுவர் முழுவதும் நுண்துளை. சமைக்கும்போது உருகும் கொழுப்பு அதற்குள் ஊறி, களியோடு ஒட்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடும். வாய்விளிம்பின் உட்பக்கத்தில் சில ஓடுகளில் கருகிய பொருக்கும் இருக்கும். ஓட்டின் உள் முகத்தில் மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதன் கீழிருந்து ஏறத்தாழ 1 கிராம் தூளைத் துளைத்தெடுத்தால் போதும். அதிலுள்ள கொழுப்பமிலங்களைப் பிரித்து, எது எவ்வளவு என்றும், காபன் சமதானி (எடையில் வேறுபடும் காபன் அணு வகைகள்) விகிதம் என்ன என்றும் அளக்கிறார்கள்.

மீனைக் கண்டுபிடிக்கும் வழி மிக நுட்பமானது. மீன் எண்ணெயில் நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் உண்டு. அவை இலகுவில் அழிந்துபோகும். பழைய ஓட்டில் அப்படியே கிடைக்கா. ஆனால் 270 பாகை அளவில் பல மணிநேரம் களிச்சுவரில் கிடந்து வெந்தால் அவை வளைய வடிவச் சேர்மங்களாக மாறும். 20 காபன், 22 காபன் கொண்ட அத்தகைய சேர்மங்களும், அவற்றோடு சில கிளைச்சங்கிலி அமிலங்களும் ஒரே ஓட்டில் சேர்ந்து இருந்தால், அந்தப் பானையில் நீர்வாழ் உயிர் சூடாக்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.

2013இல் யப்பானின் 13 இடங்களிலிருந்து 101 கருகல் மாதிரிகளை இப்படிப் பார்த்தார்கள். 15,000 தொடக்கம் 11,800 ஆண்டுகள் பழைமையான பானைகள். பெரும்பாலானவற்றில் நன்னீர் அல்லது கடல் உணவின் தடம். தொரிஹாமா என்ற இடத்தில் பின்னைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, காலநிலை சூடாகிக் காடு பெருகி வேட்டை மாறிய பின்பும் பானை பெரும்பாலும் மீனுக்கே இருந்தது. மற்ற இறைச்சி உண்ணப்பட்டது; எலும்பு அங்கே கிடக்கிறது. ஆனால் அது அவ்வளவாகப் பானைக்குள் போகவில்லை.

ஆமூரில் 2020இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. கீழ் ஆமூரின் ஒசிப்போவ்கா என்ற தொல்பண்பாட்டு மக்களின் பானையில் ஆறேறி வரும் சால்மன் போன்ற மீன். மேல்நோக்கிப் போனால் குரொமதூகா என்ற இன்னொரு பண்பாட்டு மக்களின் பானையில் அசைபோடும் விலங்கின் கொழுப்பு. ஒரே ஆறு, கிட்டத்தட்ட ஒரே காலம், இரண்டு வேறு காரணம். சகாராவில் தகர்கோரியில் கி.மு. 8200 தொடக்கம் 6400 வரையான பானைகளில் புல்வகைகளும் நீர்த்தாவரங்களும், கி.மு. ஐந்தாம் ஆயிரத்தில் அதே பகுதியில் பால்.

ஆகவே உலகத்துக்கெல்லாம் ஒரே காரணம் தேடுவதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொதுவாக இருப்பது ஒன்றுதான்: வாட்டியும் சுட்டும் எடுக்க முடியாத ஒன்று, நீண்ட நேரம் மெதுவாகக் கொதித்தால் மட்டும் கிடைக்கும் ஒன்று தேவைப்பட்டது. மீனெண்ணெய், எலும்புநெய், நஞ்சும் கைப்பும் நீங்கிய விதை.

வவுனிக்குளம் எழுதியது:

மாஸ்ரர், என்ன சமைச்சது எண்டது சரி. யாருக்குச் சமைச்சது எண்டதை விட்டிட்டியள்.

முதல் ஆயிரக்கணக்கான வருசத்தில பானை சரியான அருமை. யப்பானில பனியுகக் காலத்து இடங்கள் பலதில கிடைச்சது ஒரு சில பானையின்ர துண்டுகள்தான். அள்ளக்கூடிய அளவுக்கு ஓடு வாறது சூடான காலம் நிலைச்ச பிறகு. அண்டாடச் சமையலுக்கு எண்டால் குப்பைமேடு முழுக்க ஓடு கிடக்க வேணும். ஒரு பானை நித்தம் நெருப்பில ஏறினால் கனகாலம் நிக்காது, உடைஞ்சு உடைஞ்சு குவியும். குவியேல்லை எண்டால் எப்பவாவது எடுத்த பானை எண்டுதான் அர்த்தம்.

கனடாத் தொல்லியலாளர் பிரையன் ஹேடன் கனகாலமாச் சொல்லிற வாதம் இதுதான்: முதல் பானை விருந்துக்கு. மீன் ஏறிற பருவத்தில பல குடும்பங்கள் ஒரு இடத்தில கூடும். கூடுற இடத்தில சம்பந்தம் பேசுவினம், சண்டை தீர்ப்பினம், கடன் வைப்பினம். அங்க எண்ணெய் மிதக்கிற குழம்பை எல்லாருக்கும் வார்க்க ஏலுமான குடும்பத்துக்கு மதிப்பு வரும். செய்யக் கஷ்டமான, உடையக்கூடிய, ஆயிரம் பேரில ஒரு சிலருக்கே கைவந்த சாமான் அதுக்குத்தான் பொருத்தம்.

சாவிலயும் பானை நுழையுது. யோமோன் சனம் பிந்தின காலத்தில குழந்தைகளைப் பானைக்குள்ள வைச்சுப் புதைச்சிருக்குதுகள். எங்கட பக்கம் வாற நேரம் தாழிப் புதைகாடு உள்ள பொம்பரிப்பைப் பாருங்கோ.

முள்ளியவளையாள் எழுதியது:

விருந்து மட்டும் எண்டு ஒதுக்கிறது எனக்கு ஏற்கேல்லை அண்ணை. மெதுவாக் கொதிக்கிற பானை வயசாளிக்கும் குழந்தைக்கும் செய்யிற வேலையை யோசியுங்கோ. பல்லுப் போனவருக்கும் பல்லு முளைக்காததுக்கும் வாட்டின இறைச்சி உதவாது. கரைஞ்ச கூழும் கொழுப்புச் சாறும் உதவும். முலைப்பாலுக்கு அடுத்ததா ஊட்ட மெதுவான சாப்பாடு கிடைச்சால் பால் மறக்கிற வயசு முன்னுக்கு வரலாம், அடுத்த பிள்ளைக்கு இடைவெளி குறையலாம். இது உடனடியா எலும்பில நிரூபிக்கிற காரியம் இல்லைத்தான், ஆனா பானை நிலைச்ச இடங்களில சனத்தொகை ஏறினதைக் கதைக்கேக்க இதை விட ஏலாது.

இன்னொண்டு: பானை தானாச் சமைக்கும். நெருப்பில வாட்டிற இறைச்சிக்குப் பக்கத்தில ஆள் நிக்க வேணும். உலையில ஏத்தின பானைக்கு இடைக்கிடை ஒரு கட்டை தள்ளினால் காணும். அந்த நேரத்தில கடகம் இழைக்கலாம், தோல் பதப்படுத்தலாம், பிள்ளை பார்க்கலாம். கைவனைவுப் பானை செய்யிற சமூகங்களில, அதுவும் வீட்டுத் தேவைக்கு எண்டு செய்யிற இடங்களில, கூடுதலாப் பெண்கள்தான் வனையினம். சக்கரமும் விற்பனையும் வந்த பிறகுதான் பல இடத்தில அது ஆம்பிளைக் கைக்குப் போகுது. அதால முதல் பானையும் அடுப்படியை அறிஞ்ச பெண் கையால வந்திருக்கக் கூடும் எண்டு நம்புறன்.

மாஸ்ரர் சொன்ன நுண்துளைக்கு ஒரு பயனுள்ள விசயம். புதுப் பானையில தண்ணி ஊத்தி அடுப்பில வைச்சால் சுவர் வியர்க்கும், வியர்க்கிற தண்ணி ஆவியாகிச் சூட்டை இழுக்கும், கொதி வராது. அதாலதான் முதல்ல அரிசி கழுவின தண்ணியோ கஞ்சியோ வைச்சுக் காய்ச்சிறது. மாப்பசை துளையை அடைக்கும். அரிசி இல்லாத காலத்தில மீன்கொழுப்பே அந்த வேலையைச் செய்திருக்கும். ஆய்வுகூடத்தில இண்டைக்கு எடுக்கிற கொழுப்பும் அதே துளைக்குள்ள நிண்டதுதான்.

வற்றாப்பளைப் பொங்கலைக் காட்டி "பார், ஆதிகாலத்து விருந்துப் பானை" எண்டு எழுதிறவை இருக்கினம். அதைச் செய்ய வேண்டாம். கண்ணகி அம்மனுக்கு வளந்து எண்ட பெரிய பானையில பொங்கிறதும், சிலாவத்தையில கடல்தண்ணி எடுத்து விளக்கேத்திறதும் அதுக்கெண்டு தன்ர வரலாறு உள்ள வழிபாடு. அதை 15,000 வருசம் பின்னால இழுக்க எந்த ஆதாரமும் இல்லை. ஆனா ஒரு பெரிய பானையைச் சுத்தி ஆர் அரிசி கொண்டாறது, ஆர் நெருப்புப் பார்க்கிறது, ஆருக்கு முதல் படையல் எண்டு ஒரு ஊரே ஒழுங்குபடுறதை நேரில பார்க்கிறவைக்கு, பானை எவ்வளவு உறவைச் சுமக்கும் எண்டது விளங்கும். அந்த அளவோட நிப்பாட்டினால் சரி.

இரணைமடுக்காரன் எழுதியது:

அருமை அக்கா. இப்ப எங்கட இடத்துக்கு வாங்கோ. "உலகத்தின்ர முதல் பானை தமிழன்ர" எண்டு ஒரு பதிவு சுத்துது. அதுக்கும் ஒரு பதில் வேணும்.

வவுனிக்குளம் எழுதியது:

பதில் நேரானது. கீழடியில பேசப்படுற காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. சியன்ரென்டொங்குக்கும் அதுக்கும் இடையில 17,000 வருசம் கிடக்குது. கீழடியின்ர பெருமை எழுத்துக்கீறலிலயும் நகரத்திலயும் இருக்குது; முதல் பானை எண்ட பட்டம் அதுக்குத் தேவையில்லை. இந்தியத் துணைக்கண்டத்திலயும் மெஹ்ர்கரில முதல்ல பானையில்லாத உழவர்தான் இருந்தவை. பானை அதுக்குப் பிறகு.

இலங்கையில கல்லாயுதக் காலத்துச் சனத்தின்ர வரலாறு நீளம். பாகியன்கல குகையில ஏறத்தாழ 48,000 வருசத்துக்கு முந்தியே மனுசர் இருந்திருக்கினம். பட்டதொம்பலென, பெலிலென எல்லாம் அந்தத் தொடர். நுண்கற்கருவி, எலும்பு ஊசி, சிப்பி மணி எல்லாம் இருக்குது. குரங்கு, மரஅணில், நத்தை, காட்டுக் கொட்டைகள் திண்டிருக்கினம். பானை இல்லை. எங்கட இரணைமடுவின்ர பேரிலயே ஒரு சரளைப் படை தொல்லியலில நிக்குது. அந்தப் படையோட சேர்ந்து கிடைக்கிறதும் கல்லாயுதம்தான்.

பானை இலங்கையில உறுதியா, பெருமளவில வாறது ஆதி இரும்புக் காலத்தோட. அனுராதபுரத்தில கி.மு. 900 அளவில இரும்பு, நெல், மாடு, குதிரை, கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் எல்லாம் ஒரே படையில வருகுது. வடக்கில கந்தரோடையும் ஆனைக்கோட்டையும், தெற்கு மன்னாரைத் தாண்டினால் பொம்பரிப்பும் அந்தக் கறுப்பு-சிவப்பு உலகத்துக்குள்ள நிக்குது. பொம்பரிப்பில பெரிய தாழிகளுக்குள்ள ஒண்டுக்கு மேற்பட்ட ஆக்களின்ர எலும்பை, சதை போன பிறகு சேர்த்தெடுத்து வைச்சுப் புதைச்சிருக்கு. பக்கத்தில சின்னப் படையல் கலயங்கள். இப்பன்கட்டுவையில அதே காலத்தை ஒட்டின சனம் கல்லறைப் பெட்டிக்குள்ள வைச்சது. தாழியோ பெட்டியோ, கலயம் கூடப்போகுது.

மண்வெட்டி எழுதியது:

கறுப்பு-சிவப்புக்குச் செய்முறைக் குறிப்பு: பானையை உமி, இலைச்சருகு போன்றதுக்கு மேல கவிழ்த்து வைச்சால் உள்பக்கத்துக்கும் வாய்க்கும் ஒட்சிசன் போகாது, காபன் படிஞ்சு கறுக்கும். வெளிப்பக்கம் காத்துப்பட்டு இரும்பு சிவக்கும். ஒரே சுடுகையில இரண்டு நிறமும் எடுக்கலாம். இரண்டு தரம் சுட்டும் எடுக்கலாம் எண்டு பரிசோதிச்சுக் காட்டினவை இருக்கினம், ரெண்டும் சாத்தியம்.

வன்னியைப் பற்றி ஒண்டு கேக்கிறன். எங்கட மழை ஐப்பசியில தொடங்கி மார்கழி, தை வரை. அந்த நேரம் களி காயாது. பங்குனிக்குப் பிறகு காயும். அதே காலத்திலதான் வில்லுக் குளமும் மடுவும் வத்தி மீன் ஒதுங்கும். நந்திக்கடல், நாயாறு பக்கம் இறால் வாற காலமும் உண்டு. பானை செய்யிற பருவமும் மீன் குவியிற பருவமும் ஒண்டா வருகுதே, பிறகும் வேட்டைச் சனம் இங்க ஏன் பானை செய்யேல்லை?

பாலியாறு எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. அதே பருவத்தில் மூன்றாவது ஒன்றும் வருகிறது: வெயில். மீனைப் பிளந்து விரித்தால் இரண்டு மூன்று நாளில் கருவாடு. ஆமூரில் மீன் ஏறும் இலையுதிர்காலத்தில் அப்படி இலகுவாகக் காயாது. பனிகாலத்தைத் தாண்டக் கொழுப்பும் வேண்டும். அங்கே எண்ணெய் உயிர்காக்கும் பொருள். இங்கே வெப்பவலயத்து மடு மீனில் அவ்வளவு எண்ணெயும் இல்லை, அதன் அவசரமும் இல்லை.

தண்ணீர் வைக்கச் சுரைக்குடுவை, அள்ளப் பனையோலைப் பட்டை, வேகவைக்க இலைப்பொதியும் தணலும். காட்டுக்கிழங்கு தணலிலேயே வேகும். கல்லைச் சுட்டுத் தோற்பையிலுள்ள நீரில் போட்டுக் கொதிக்க வைப்பது உலகின் பல பாகங்களில் இருந்த முறை. இந்தப் பொருட்கள் ஒன்றும் மண்ணில் தங்கா. ஆகவே ஓடு இல்லாத படையைப் பார்த்துக் குறைந்த அறிவுள்ள மக்கள் என்று எழுதுவது பெரும் தவறு. 40,000 ஆண்டுகளுக்கு மேல் மழைக்காட்டில் தாக்குப்பிடித்த மக்கள் அவர்கள். பானை அவர்களுக்குத் தீர்க்க வேண்டிய சிக்கலைத் தீர்க்கவில்லை. நெல் வந்ததும் நிலைமை மாறுகிறது: அரிசியைத் தணலில் வாட்ட முடியாது.

வவுனிக்குளம் எழுதியது:

கடைசி வசனத்தோட முழுசா ஒத்துப்போறன். விருந்தை நான் விட்டுக்குடுக்கேல்லை, ஆனா இங்க பானையை இழுத்துக்கொண்டு வந்தது நெல்லும் அதோட வந்த வீட்டு ஒழுங்கும்தான்.

மடுவழி எழுதியது:

மன்னார் முருங்கன் களியில பானை முயற்சி செய்யிற எங்கட இளைஞர் குழுவுக்கு உதவி வேணும் ஐயாமாரே. காயேக்கயே வலை வலையா வெடிக்குது. மற்றக் களியில செய்தது சுட்டு ஒரு கிழமையில சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியோட செதில் கழருது. இரண்டும் ஒரே வருத்தமோ?

மண்வெட்டி எழுதியது:

இல்லைத் தம்பி, இரண்டும் வேற.

முருங்கன் கறுப்புக்களி தண்ணியை உறிஞ்சிப் பருத்து, காயேக்க சரியாச் சுருங்கிற இனம். கோடையில வயல் பிளந்து கிடக்கிறதைப் பார்த்திருப்பியள். அதைத் தனியப் பாவிக்காதேங்கோ. செம்மண் கலந்த குளத்துக்களி இரண்டு பங்குக்கு முருங்கன் களி ஒரு பங்கு, மொத்தத்தில 30 வீதம் இடிச்ச ஓடு எண்டு தொடங்கி, 10 சென்ரிமீற்றர் கோட்டைக் கீறி அளந்து கூட்டிக் குறையுங்கோ. சுவரை 8 மில்லிமீற்றருக்குள்ள வைச்சு, வாயை ஈரத்துணியால மூடி, அடியும் வாயும் ஒரே வேகத்தில காய விடுங்கோ. வாய் முந்திக் காய்ஞ்சால் அங்கயிருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

மற்றது சுண்ணாம்பு. உங்கட களிக்குள்ள சிப்பித்தூளோ சுண்ணக்கல் மணியோ இருக்குது. காய்ஞ்ச களியில தேசிக்காய்ப்புளி ஒரு துளி விட்டால் நுரைக்கும். 700 பாகையைத் தாண்டி ஏறேக்க அந்த மணி காபனீரொட்சைட்டை விட்டிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகும். பிறகு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துப் பருத்து, மேலுள்ள ஓட்டைத் தள்ளி எறியும். வெள்ளைப் புள்ளிக்கு மேல குழி விழுறது அதாலதான். வழி மூண்டு: நுளம்பு வலையை விட நுண்ணிய துணியால வடிக்கிறது, சூட்டை 700க்குள்ள வைக்கிறது, அதாவது பாலை, வீரை போன்ற வன்விறகைத் தவிர்த்து வைக்கலும் மட்டையும் மட்டும், அல்லது களியைக் கடல்தண்ணியில குழைக்கிறது. ஒரு கிலோ காய்ஞ்ச களிக்கு 300 மில்லிலீற்றர் கடல்தண்ணி எண்டால் உப்பு ஏறத்தாழ 10 கிராம், 1 வீதம். அது செதில் கழருறதைப் பெரும்பாலும் நிப்பாட்டும். சிப்பி கலந்து வனைஞ்ச கரையோரச் சமூகங்கள் பலதும் கடல்தண்ணியைத்தான் பாவிச்சவை. வெளியால வெள்ளைப் பூப்பு வரும், அது பாதகமில்லை.

மடுவழி எழுதியது:

பெரிய உதவி. இன்னொண்டு. வரம்பு வெட்டேக்க பழைய ஓடு வருகுது. எடுத்துக் கழுவி வைக்கலாமோ? வாய்த்துண்டை வைச்சுப் பானையின்ர அளவு சொல்ல ஏலுமோ?

வவுனிக்குளம் எழுதியது:

தோண்டாதேங்கோ, முதல்ல அதுதான். தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்; அனுமதி இல்லாமல் பழம்பொருளுக்கெண்டு கிண்டுறது குற்றம். அதோட கண்ணிவெடி அகற்றி முடியாத, சிவப்புப் பலகை நிக்கிற துண்டுகளுக்குள்ள ஓடு கிடக்குதெண்டு கால் வைக்காதேங்கோ. தானா வெளிய வந்தது எண்டால் கிடந்த இடத்திலயே அளவுகோல் வைச்சுப் படம் எடுத்து, எந்த ஆழம், என்ன நிற மண், பக்கத்தில என்ன கிடந்தது எண்டு எழுதி, பிரதேச செயலகம் வழியாத் தொல்பொருள் திணைக்களத்துக்கோ யாழ் பல்கலைக்கழகத்துக்கோ அறிவியுங்கோ. இடம் தெரியாத ஓடு பாதி ஊமை.

உள்பக்கம் கருகல் இருந்தால் கழுவவே கூடாது. பிளாஸ்ரிக் பையிலயும் போடக் கூடாது, அதில இருக்கிற சேர்மம் கொழுப்போட கலந்து அளவைக் குழப்பும். கையால தடவாமல் சமையல் அலுமினியத் தாளில சுத்தி வைக்கலாம்.

அளவு எடுக்க ஒரு கடதாசியில ஒரே மையத்தில 1 சென்ரிமீற்றர் இடைவெளியில வட்டங்கள் கீறுங்கோ. வாய்த்துண்டைக் கவிழ்த்து, விளிம்பு முழுக்கக் கடதாசியில படுகிற சாய்வில பிடியுங்கோ. வெளிச்சம் அடியால தெரியக் கூடாது. எந்த வட்டத்தின்ர வளைவோட பொருந்துதோ அந்த வட்டத்தின்ர விட்டம்தான் வாயின்ர விட்டம். மையத்திலயிருந்து கோடு கீறி வட்டத்தை 20 பங்காப் பிரிச்சிருந்தால், துண்டு எத்தனை வீதம் எண்டும் தெரியும். ஒரு பங்குக்கு, அதாவது 5 வீதத்துக்குக் குறைஞ்ச துண்டில வாற விட்டத்தை நம்பாதேங்கோ. கைவனைவுப் பானையின்ர வாய் ஒருநாளும் சரி வட்டமா இராது. பத்து வீதத்துக்கு மேல எண்டால் குறிச்சு வையுங்கோ, படத்தோட இங்க போடுங்கோ, பார்ப்பம்.